மிதக்கும் படகும் ஓடும் நீரும்

கடலைப் பற்றிப் பேச ஒரு தோட்டப்பள்ளி ஆசிரியனுக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். கேட்பதில் தவறில்லை. நான் பிறந்தது ரப்பர்த் தோட்டத்தில். ரப்பர் மரங்களைத் தள்ளிவிட்டுச் செம்பனை நட்டதைப் பார்த்து வளர்ந்தவன். எங்களுக்குக் கடல் என்றால் ஆண்டுக்கு ஒருமுறை லாரியிலோ பேருந்திலோ ஏறிப் போர்ட்டிக்சன் போவது, முழங்கால் நீரில் நிற்பது, கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றை மணலோடு சேர்த்துத் தின்பது, அவ்வளவுதான். நீச்சல் தெரியாது. என் வகுப்பில் படித்த இருபத்தெட்டுப் பேரில் இன்றும் நீந்தத் தெரிந்தவர் இரண்டு பேரே.

அப்படிப்பட்ட நான் ஒரு சனிக்கிழமை முழுவதும் படகில் இருந்து தூண்டில் போட்டேன் என்றால் அதற்கு ஒரு காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன்பு என்னிடம் ஆறாம் வகுப்பு வரை படித்த ஒரு பையன், தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனவன், நண்பர்கள் மூவரோடு யாரிடமோ படகை இரவல் வாங்கிக்கொண்டு விடியற்காலையில் மீன் பிடிக்கப் போனான். மூன்று பேர் திரும்பி வந்தார்கள். அவன் வரவில்லை. அவனுடைய தகப்பனார் எங்கள் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர். கருமாதி முடிந்து பல நாள் கழித்து, பள்ளிக்கூட வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “சார், அன்னைக்குக் காலையில வானத்துல நட்சத்திரம் தெரிஞ்சுதே. நான்தானே வாசல் வரைக்கும் வந்து பார்த்து அனுப்பினேன். அப்புறம் எப்படி சார்?”

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நிலக்காற்று, கடற்காற்று, வற்றுப்பெருக்கு எல்லாம் படித்தவன்தான். தேர்வில் படம் வரைந்து மதிப்பெண்ணும் வாங்கினேன். ஆனால் அந்தத் தகப்பனார் கேட்ட கேள்விக்கு அந்தப் படம் உதவவில்லை. ஆகவே தேடிப் படித்தேன். படித்தது போதாது என்று தோன்றியபோது, போர்ட்டிக்சன் பக்கத்து மீனவர் கிராமம் ஒன்றில் முப்பது ஆண்டுகளாகத் தூண்டில்காரர்களைக் கடலுக்கு அழைத்துச் செல்லும் ஒரு தெக்கோங்கிடம் போனேன். தெக்கோங் என்றால் படகுத் தலைவர். மலாய்க்காரர். அறுபது வயதைத் தாண்டியவர். நான் விஷயத்தைச் சொன்னதும், “ஒருநாள் முழுக்க என்னோடு வாருங்கள். கரையில் நின்று சொன்னால் விளங்காது” என்றார். அந்தத் தகப்பனாரையும் அழைத்தேன். வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வந்தார். என் மைத்துனரும் பள்ளித் தோட்டக்காரரும் சேர்ந்துகொள்ள, நான்கு பேர் பங்கு போட்டு 450 வெள்ளிக்குப் படகைப் பேசினோம்.

போகும் நாளை முடிவு செய்தது நாங்கள் அல்ல, நிலவுதான். இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். கடல்நீர் நிலவின் ஈர்ப்பாலும் கதிரவனின் ஈர்ப்பாலும் ஏறி இறங்குகிறது. நம்முடைய மேற்குக் கரையில் ஒரு நாளைக்கு இருமுறை ஏறும், இருமுறை வடியும். ஒரு ஏற்றத்துக்கும் அதை அடுத்த இறக்கத்துக்கும் இடையில் ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். நிலவு நாள்தோறும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் பிந்தி வருவதால் கடலும் அதே அளவு பிந்தும். இன்று மதியம் பன்னிரண்டுக்கு நீர் நிறைந்திருந்தால் நாளை பன்னிரண்டு ஐம்பதை ஒட்டி நிறையும்.

அமாவாசையிலும் பௌர்ணமியிலும் நிலவும் கதிரவனும் ஒரே கோட்டில் நின்று இழுக்கின்றன. அதனால் அந்நாள்களையும் அவற்றை அடுத்த ஓரிரு நாள்களையும் ஒட்டி நீர் மிக உயர்ந்து மிகத் தாழும். மலாய் மீனவர்கள் இதனை “ஆயர் பெசார்”, அதாவது பெரிய நீர் என்பார்கள். தீபாவளி அமாவாசையை ஒட்டி வருகிறது, தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டி வருகிறது. ஆகவே நம் இரு பெரிய விழாக்களையும் அடுத்துக் கடலில் பெரிய நீர்தான். வளர்பிறை, தேய்பிறை அஷ்டமியை ஒட்டி நிலவும் கதிரவனும் செங்குத்தாக நின்று ஒன்றை ஒன்று தளர்த்துவதால் நீர் அவ்வளவாக ஏறாது, இறங்காது. நீரோட்டமும் மெல்லியதாக இருக்கும். அஷ்டமி, நவமியில் நல்ல காரியம் தொடங்கக்கூடாது என்று என் பாட்டி சொல்வார். எங்கள் தெக்கோங்கோ, மிதந்து மீன் பிடிக்க அந்த நாள்களையே தேடிப் பிடித்து வைத்திருந்தார். பாட்டி இருந்திருந்தால் அவரோடு வாதாடியிருப்பார்.

நாள் குறித்தாயிற்று. ஆனால் முதல் முறை நாங்கள் போகவில்லை. அதிகாலை நான்கு மணிக்குத் தெக்கோங் தொலைபேசியில் அழைத்து, “இன்றைக்கு வேண்டாம்” என்றார். வெளியே வந்து பார்த்தேன். எங்கள் தோட்டத்து வானத்தில் நட்சத்திரங்கள் மின்னிக்கொண்டிருந்தன. மைத்துனர் விடுப்பு வீணாயிற்றே என்று முணுமுணுத்தார். ஆறு மணிக்குச் சற்று முன்பு செம்பனை மட்டைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய, காற்று ஒன்று வந்தது பாருங்கள்! அதைத் தொடர்ந்து ஒன்றரை மணி நேரம் இடியும் மழையும். பக்கத்து வீட்டுத் தகரம் இரண்டு பறந்தன. அன்றைக்கு நான் அந்தத் தகப்பனார் வீட்டுக்குப் போனேன். அவர் திண்ணையில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இதுதானா சார்?” என்றார். “இதுதான் அண்ணே” என்றேன்.

நேயர்களே, இதற்குப் பெயர் சுமத்ரா காற்று. இரவில் நிலம் விரைவாகக் குளிர்கிறது, கடல் வெப்பத்தை விடாமல் வைத்திருக்கிறது. சுமத்ராவிலிருந்தும் நம் கரையிலிருந்தும் நிலக்காற்று மலாக்கா நீரிணையை நோக்கி வீசுகிறது. இரண்டும் நடுவில் முட்டும்போது ஈரக்காற்று மேலே கிளம்பி இடிமேகமாகத் திரள்கிறது. சுமத்ரா நிலத்தின் மேலும் இரவில் இத்தகைய மேகங்கள் உருவாவதுண்டு. மேலே வீசும் தென்மேற்குக் காற்று இந்த மேகங்களை ஒரு சுவர்போல வரிசையாக்கிக் கிழக்கே, அதாவது நம் பக்கம் தள்ளிக்கொண்டு வருகிறது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை இது நேரும். வருகிற நேரம் பெரும்பாலும் பின்னிரவு, விடியல், முற்பகல். காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கக்கூடும். ஓரிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்து, எதுவுமே நடக்காததுபோல வெயில் அடிக்கும்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். போர்ட்டிக்சனுக்குத் தெற்கே தஞ்சோங் துவான் முனை இருக்கிறது. அங்கிருந்து எதிரே சுமத்ராவை ஒட்டிய ரூப்பாட் தீவு ஏறத்தாழ 38 கிலோமீட்டர்தான். இடிமேகச் சுவர் மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்தால், எதிர்க்கரையில் இருப்பது ஒரு மணி நேரத்துக்குள் நம் தலைமேல் வந்துவிடும். தலைக்கு மேல் நட்சத்திரம் தெரிவது, தலைக்கு மேல் இன்னும் மேகம் வரவில்லை என்பதை மட்டுமே சொல்லும். பார்க்கவேண்டியது உச்சி வானத்தை அல்ல, மேற்கே அடிவானத்தை. அங்கே சத்தமில்லாமல் மின்னல் வெட்டிக்கொண்டிருந்தால், அது நமக்கு வருகிற செய்தி. எங்கள் தோட்டத்தில் மேற்கே பார்த்தால் செம்பனையும் மேடும்தான் தெரியும். அந்தத் தகப்பனார் எப்படிப் பார்த்திருக்க முடியும்? இதை அவரிடம் இரண்டு முறை சொன்னேன். அவர் மேல் தவறு இல்லை என்பதை அவர் நம்புவதற்காக அல்ல, அது உண்மை என்பதற்காக.

நமக்குக் கண் எட்டாததை வானிலை ஆய்வுத் துறையின் ராடார் எட்டிப் பார்க்கிறது. இடிமழை வருமுன் எச்சரிக்கை வெளியிடுகிறார்கள். கைத்தொலைபேசியிலேயே பார்க்கலாம். எங்கள் தெக்கோங் படிப்பு அதிகம் இல்லாதவர். ஆனால் நான்கு மணிக்கு எழுந்து முதலில் அதைப் பார்க்கிறார், பிறகு கடற்கரைக்குப் போய் மேற்கே பார்க்கிறார். இரண்டில் ஒன்று சரியில்லை என்றாலும் படகு நகராது. முன்பணத்தையும் திருப்பித் தந்துவிடுகிறார்.

அடுத்த மாதம் தேய்பிறை நவமியன்று போனோம்.

படகு கண்ணாடி இழையில் செய்தது, இருபத்து நான்கு அடி இருக்கும். பின்னால் வெளிப்புற இயந்திரம் ஒன்று, சிறியதாக மாற்று இயந்திரம் ஒன்று. ஏறியதும் தெக்கோங் மிதவைச் சட்டைகளை எடுத்து, அவரே ஒவ்வொருவருக்கும் மாட்டிக் கொக்கிகளைப் போட்டு, தோள் பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தார். சட்டை காது வரை ஏறினால் அது தளர்வு. தண்ணீரில் விழுந்தால் சட்டை மிதக்கும், ஆள் நழுவிவிடுவான். என் மைத்துனர் புழுக்கமாக இருக்கிறது, தேவைப்படும்போது போட்டுக்கொள்கிறேன் என்றார். தெக்கோங் சிரிக்கவில்லை. “தேவைப்படும்போது அதைப் போட நேரம் இருக்காது” என்று சொல்லிவிட்டு, அவர் போடும் வரை இயந்திரத்தைத் தொடவில்லை. அந்த இரவல் படகில் இரண்டு மிதவைச் சட்டைகள் இருந்தனவாம், இருக்கைக்கு அடியில் கட்டி வைத்தபடி.

தெலுக் என்ற மலாய்ச் சொல்லுக்குக் குடா என்று பொருள். தெலுக் கெமாங் குடாவைப் பலரும் மணலில் நின்று பார்த்திருப்பீர்கள். கடலிலிருந்து பார்த்தால் அது வேறு ஊர். கரை ஒரு வில்போல வளைந்து போய்த் தெற்கே காடு மூடிய தஞ்சோங் துவான் முனையில் முடிகிறது. முனையின் உச்சியில் வெள்ளைக் கலங்கரை விளக்கம். அங்கே முதன்முதலில் விளக்கு வைத்தவர்கள் போர்த்துகீசியர். 1606-ஆம் ஆண்டு இந்த முனைக்கு எதிரேதான் டச்சுக்காரர்களும் போர்த்துகீசியரும் கப்பற்படைகளோடு மோதிக்கொண்டார்கள். சுற்றிலும் நெகிரி செம்பிலான், ஆனால் அந்த முனை மட்டும் மலாக்கா மாநிலத்தைச் சேர்ந்தது. பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலோர்க்குத் தெரியாது. வானொலியில் வரலாறு பேச வந்தவன் அல்ல நான், மீனுக்கு வருகிறேன்.

கடலில் மீன் பிடிக்க இரண்டு வழி. நங்கூரம் போட்டு ஒரே இடத்தில் நிற்பது ஒன்று. நங்கூரத்தைத் தூக்கி, இயந்திரத்தை நிறுத்தி, நீரோட்டம் கொண்டுபோகிற போக்கில் மிதப்பது மற்றொன்று. மலாயில் “ஹன்யுட்” என்பார்கள். ஆற்றில் தூண்டில் போட்டுப் பழகிய எனக்கு இரண்டாவது வேடிக்கையாகத் தோன்றியது. போகிற போக்கில் விட்டால் மீன் எப்படிக் கிடைக்கும்?

விடை நீரோட்டத்தில் இருக்கிறது. கடலடி ஓரிடம்போல் ஓரிடம் இராது. எங்கும் சேறும் மணலும், நடுநடுவே பாறைத் திட்டு, பவளத் திட்டு, மூழ்கிய மரம். இவற்றைச் சுற்றித்தான் மீன் கூடும். நீர் ஓடும்போது சிறு இறால்களும் குஞ்சு மீன்களும் அடித்து வரப்படும். பெரிய மீன் பாறையின் மறைவில், ஓட்டம் குறைந்த பக்கத்தில் நின்றுகொண்டு வருகிறதைப் பொறுக்கும். நங்கூரமிட்ட படகிலிருந்து விடும் இரை, ஓடுகிற நீரில் கட்டிவைத்ததுபோல ஒரே இடத்தில் ஆடிக்கொண்டு நிற்கும். மிதக்கும் படகிலிருந்து விடும் இரையோ மற்ற இரைகளைப்போலவே நீரோடு நீராகப் போகும். மீனுக்கு ஐயம் வராது. மேலும், ஒரே இடத்தில் காத்திருக்காமல் நீண்ட திட்டு முழுவதையும் இரை தடவிக்கொண்டு போகிறது.

தெக்கோங்கின் வேலை, திட்டு எங்கே இருக்கிறது என்று அறிந்து, நீர் வரும் பக்கமாக அதற்கு மேலே போய்ப் படகை விடுவது. இப்போது செயற்கைக்கோள் கருவி இடத்தைக் காட்டுகிறது, எதிரொலிக் கருவி ஆழத்தைக் காட்டுகிறது. அவர் தகப்பனார் காலத்தில் இரண்டும் இல்லை. கலங்கரை விளக்கத்தை அதன் பின்னால் உள்ள ஒரு மரத்தோடு ஒரே கோட்டில் பார்ப்பார்களாம். பக்கவாட்டில் ஒரு குன்றையும் கட்டடத்தையும் இன்னொரு கோட்டில் பார்ப்பார்களாம். இரண்டு கோடும் வெட்டும் இடம் திட்டு. எங்கள் தெக்கோங் கருவியைப் பார்த்துவிட்டு, நிமிர்ந்து மரத்தையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். கருவியை நம்பாமல் அல்ல, பழக்கத்தை விடாமல்.

இயந்திரம் நின்றது. “தூருன்!” என்றார், இறக்குங்கள் என்று. இறால் கோத்த தூண்டில்களை இறக்கினோம். ஈயக்குண்டு தரையைத் தொட்டதும் இரண்டு சுற்று மேலே தூக்கி வைக்கவேண்டும். இல்லாவிட்டால் பாறையில் மாட்டிக்கொள்ளும். காலையில் நீர் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தபோது சிறிய ஈயமே போதுமானதாக இருந்தது. ஓட்டம் கூடக்கூட நரம்பு சாய்ந்துகொண்டே போயிற்று. சாய்ந்தால் இரை தரையை விட்டு எழும்பிவிட்டது என்று பொருள். ஈயத்தை மாற்றினோம். படகு காற்றால் தண்ணீரைவிட வேகமாக நகராமல் இருக்க, தெக்கோங் துணியால் தைத்த ஒரு கூம்புப் பையைக் கயிற்றில் கட்டித் தண்ணீரில் விட்டிருந்தார். அது நீரைப் பிடித்துக்கொண்டு படகை இழுத்து நிறுத்துகிறது.

அப்போதுதான் அந்தத் தகப்பனார் தம் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். செய்தித்தாளில் சுற்றிய சாமந்திப் பூ. எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து தண்ணீரில் விட்டார். தெக்கோங் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

பூக்கள் அடித்துக்கொண்டு போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. படகுக்கு ஒரு முழம் தள்ளி, எங்களோடேயே வந்தன. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். கலங்கரை விளக்கம் நகர்ந்தது, கரை நகர்ந்தது, பூ மட்டும் பக்கத்திலேயே இருந்தது. “போக மாட்டேங்குது பாருங்க சார்” என்றார் அவர். எனக்குள்ளே இருக்கிற ஆசிரியன் அந்த நேரத்திலும் விழித்துக்கொண்டான்: படகும் பூவும் ஒரே நீரில் மிதக்கின்றன, இரண்டுக்கும் வேகம் ஒன்று, ஆகவே ஒன்றுக்கொன்று அசைவில்லை. மிதந்து மீன்பிடிக்கும் முறை முழுவதும் அந்தப் பூவில் இருந்தது. ஆனால் நான் அதை அப்போது சொல்லவில்லை. இன்றுதான் சொல்கிறேன்.

திட்டைத் தாண்டியதும் “ஆங்காட்!” என்றார் தெக்கோங். தூக்குங்கள் என்று பொருள். மறுபடி இயந்திரம், மறுபடி சுற்றிக்கொண்டு மேலே போய், மறுபடி மிதப்பு. திட்டின் மேலேயே திரும்ப ஓட்டாமல் தள்ளிப் போய்ச் சுற்றினார், சத்தத்தில் மீன் கலைந்துவிடும் என்று. இப்படிக் காலையில் பதினொரு முறை. முதலில் கெலாமா மீன்கள், பிறகு ஒரு கெராப்பு, அதாவது நம் களவா. நடுவில் பள்ளித் தோட்டக்காரருக்கும் எனக்கும் நரம்புகள் பின்னிக்கொண்டன. தெக்கோங் “சிக்கு! சிக்கு!” என்று கத்தினார். சிக்கு விழுந்ததை அவர் தமிழில் சொல்கிறாரே என்று வியந்துபோனேன். பிறகுதான் தெரிந்தது, ஆசிரியர் என்று மலாயில் என்னை அழைத்திருக்கிறார்.

பத்து மணிக்குமேல் நீரோட்டம் வலுத்தது. இதற்கு ஒரு கணக்கு உண்டு. நீர் ஏறும் ஆறு மணி நேரத்தைப் பன்னிரண்டு வாளியாக நினைத்துக்கொள்ளுங்கள். முதல் மணியில் ஒரு வாளி, இரண்டாவது மணியில் இரண்டு, மூன்றாவதில் மூன்று, நான்காவதில் மூன்று, ஐந்தாவதில் இரண்டு, ஆறாவதில் ஒன்று. நடு இரண்டு மணியில் மட்டும் பாதி நீர் வந்துவிடுகிறது. ஆகவே அப்போதுதான் இழுப்பு அதிகம். நம் கரையில் பெருக்கு தென்கிழக்கு நோக்கி ஓடும், வற்று வடமேற்கு நோக்கி ஓடும். நீர்மட்டம் திரும்பும் நேரமும் ஓட்டம் திரும்பும் நேரமும் நீரிணையில் எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பதில்லை. அதைப் புத்தகம் சொல்லாது, தெக்கோங்தான் சொல்வார். அன்று மதியம் ஒரு மணியை ஒட்டி எல்லாம் அடங்கி, நரம்பு நேராகத் தொங்கியது. ஒரு மீனும் தொடவில்லை. சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தோம்.

சாப்பிடும்போதுதான் தெக்கோங் அந்தப் படகைப் பற்றிப் பேசினார். தேடப் போனவர்களில் அவரும் ஒருவராம். எனக்கு அது வரை தெரியாது. அவர் மலாயில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். இயந்திரம் நின்று மிதக்கும் படகு காற்றுக்குப் பக்கவாட்டில்தான் நிற்கும், முகம் கொடுத்து நிற்காது. அலை விலாவில் அடிக்கும். நீரோட்டம் ஒரு பக்கமும் காற்று எதிர்ப்பக்கமும் போனால் அலை குட்டையாக, செங்குத்தாக எழும். அப்படிப்பட்ட நேரத்தில் முன்புறத்திலிருந்து நங்கூரத்தை இறக்கவேண்டும், அல்லது அந்தத் துணிக் கூம்பை முன்புறத்தில் கட்டிவிடவேண்டும். மூக்கு காற்றைப் பார்க்கும். பயந்துபோய்ப் பின்புறத்தில் நங்கூரம் கட்டினால், இயந்திரப் பாரத்தால் ஏற்கெனவே தாழ்ந்திருக்கும் அந்தப் பக்கம் அலை ஏறிவிடும். எல்லோரும் ஒரே பக்கம் போகக்கூடாது. பெரிய மீன் மாட்டியது என்று நான்கு பேரும் ஒரு பக்கம் ஓடிக் கவிழ்ந்த படகுகளும் உண்டு, வெயில் அடிக்கும் நாளில்.

கவிழ்ந்துவிட்டால்? படகை விடக்கூடாது. கண்ணாடி இழைப் படகு பெரும்பாலும் கவிழ்ந்தும் மிதக்கும், தேடுகிறவர் கண்ணுக்கும் ஆளைவிடப் படகுதான் முதலில் தெரியும். கரை கிட்டத்தில் இருப்பதுபோலத் தோன்றும், நீரோட்டம் குறுக்கே இழுத்துக்கொண்டு போய்விடும். அந்த மூவரும் படகையும் மீன் பெட்டியையும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான்காமவன் உதவி கேட்டு வருகிறேன் என்று கரையை நோக்கிப் போனான்.

தகப்பனார் கேட்டார்: “அவனுக்கு நீச்சல் தெரியாதே?”

தெக்கோங் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “மற்றவர்களுக்காகப் போயிருக்கிறான்” என்றார். நான் அதை அப்படியே தமிழில் சொன்னேன். சொல்லும்போது என் குரல் சரியாக வரவில்லை.

பிற்பகலில் நீர் வடமேற்காகத் திரும்பியது. முனையின் பக்கமிருந்து மறுவழியாக மிதந்தோம். தொலைவில் எண்ணெய்க் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ஆண்டுக்கு எண்பதாயிரத்துக்கு மேற்பட்ட கப்பல்கள் இந்த நீரிணை வழியாகப் போகின்றன. வருவதற்கும் போவதற்கும் தனித்தனிப் பாதை வகுத்திருக்கிறார்கள். அந்தக் கப்பல்கள் நம்மைப் பார்த்தாலும் நிறுத்த முடியாது, நிற்பதற்குள் கிலோமீட்டர் கணக்கில் ஓடிவிடும். பெரிய மீன் அங்கேதான் என்று ஆசை காட்டுகிறவர்களோடு போகாதீர்கள்.

மூன்றரை மணிக்குத் தகப்பனாரின் தூண்டில் வளைந்தது. குலை வெட்டுகிற கை, அவசரப்படவில்லை. மீன் இழுத்தபோது விட்டுக்கொடுத்தார், நின்றபோது சுற்றினார். நான் எழுந்து அவர் பக்கம் போகப் பார்த்தேன். தெக்கோங் ஒரு பார்வை பார்த்தார், உட்கார்ந்துவிட்டேன். வந்தது ஜெனாஹாக் மீன், இரண்டரைக் கிலோ. அவர் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. மைத்துனர் படம் எடுத்தார். அவர் படத்துக்குச் சிரிக்கவில்லை, ஆனால் மீனை நேராகப் பிடித்துக்கொண்டார்.

தாய்மார்களுக்கு ஒன்று சொல்லவேண்டும், ஏனென்றால் பிடித்து வருகிற மீனைக் கழுவுகிறவர்கள் நீங்கள். அன்று எங்களுக்கு இரண்டு பேத்தை மீன்கள் மாட்டின. தொட்டால் பந்துபோல உப்பும். அதைத் தெக்கோங் கையாலும் தொடாமல் கொக்கியை அறுத்து விட்டார். அதன் ஈரலிலும் சினையிலும் தோலிலும் கொடிய நஞ்சு உண்டு. கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் அந்த நஞ்சு அழியாது, மாற்று மருந்தும் இல்லை. 2023-ஆம் ஆண்டு ஜொகூரில் பேத்தை மீனைச் சமைத்துச் சாப்பிட்ட வயதான கணவன் மனைவி இருவரும் இறந்துபோனார்கள். கெளுத்தியும் திருக்கையும் வேறுவகை. தின்னலாம், ஆனால் கெளுத்தியின் துடுப்பு முள்ளும் திருக்கையின் வால் முள்ளும் குத்தினால் உயிர்போகிற வலி. அந்த நஞ்சு சூட்டில் அழியும். குத்திய கையையோ காலையோ பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை வைத்திருக்கவேண்டும். தோல் வெந்துபோகும் சூடு கூடாது. வேறொரு கையால் சூட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள், குத்திய கைக்குச் சூடு சரியாகத் தெரியாது. முள் உள்ளே முறிந்திருந்தால் மருத்துவமனைக்குப் போகவேண்டும். நெஞ்சிலோ வயிற்றிலோ குத்தியிருந்தால் முள்ளைப் பிடுங்காமல் உடனே கொண்டுபோகவேண்டும்.

நான்கு மணிக்கு வடக்கே கருத்தது. மின்னல் தெரிந்து இடி கேட்கும் வரை தெக்கோங் விரல்விட்டு எண்ணினார். மூன்று எண்ணிக்கைக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது வந்தால் பத்துக் கிலோமீட்டர். முப்பதுக்குள் கேட்டால் கிளம்பிவிடவேண்டும் என்பது கணக்கு. அன்று நாற்பது வந்தது. இருந்தும் கிளம்பினார். தூண்டிற்கோல்களை எல்லாம் படுக்க வைக்கச் சொன்னார். இப்போதைய கோல்கள் கரியிழையில் செய்தவை, மின்னலுக்கு வழி காட்டும். மைத்துனர் இன்னும் ஒரு மிதப்பு போகலாமே என்றார். யாரும் அவருக்குப் பதில் சொல்லவில்லை.

துறையில் இறங்கியதும் மீனைப் பங்கு போட்டோம். தகப்பனார் ஜெனாஹாக்கைத் தமக்கு வேண்டாம் என்று ஒதுக்கி வைத்தார். மகன் போனதிலிருந்து அவர் வீட்டில் கடல்மீன் சமைப்பதில்லை. தெக்கோங் அந்த மீனைச் செதில் நீக்கி, துண்டு போட்டு, பனிக்கட்டியோடு பையில் கட்டி அவர் மோட்டார் சைக்கிளில் மாட்டினார். இருவருக்கும் இடையில் நான் மொழிபெயர்க்கவில்லை, அதற்குத் தேவையும் இருக்கவில்லை. அன்றிரவு எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றிலிருந்து மீன் குழம்பு வாசனை வந்தது என்று பக்கத்து வீட்டு அம்மா என் மனைவியிடம் சொன்னாராம்.

போகிறவர்களுக்கு இன்னும் இரண்டொரு சொல். படகுக்காரரிடம் உரிமம் உண்டா, எத்தனை பேருக்கு அனுமதி என்று கேளுங்கள், கேட்டால் கோபிக்கிறவர் படகில் ஏறாதீர்கள். எங்கே போகிறோம், எப்போது வருவோம் என்று வீட்டில் ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டுப் போங்கள். கைத்தொலைபேசியைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கழுத்தில் மாட்டுங்கள். கடலிலும் அவசர எண் 999 தான். குமட்டல் வருகிறவர்கள் வெறும் வயிற்றோடு போகவேண்டாம், இரண்டு தோசை போதும், கண்ணை அடிவானத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வருகிற மாதம் வளர்பிறை அஷ்டமி சனிக்கிழமையில் வருகிறது. தகப்பனாருடைய இளைய மகன், பன்னிரண்டு வயது, இப்போது என் வகுப்பில் இருக்கிறான், அவனையும் கூட்டிக்கொண்டு வரலாமா என்று அவர் கேட்டிருக்கிறார். சிரம்பானில் அவன் அளவுக்கு ஒரு மிதவைச் சட்டை வாங்கியாயிற்று. தோள் பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தோம், காது வரை ஏறவில்லை. நாள் முடிவாகவில்லை. நான்கு மணிக்குத் தெக்கோங் அழைப்பார்.